வேப்பமரத்தடியில் நின்றவர்களின் ஓட்டு

என் அக்கா இருபது வருஷத்துக்கு மேல் சர்ச் காம்பவுண்டுக்குள்தான் குடியிருந்தாள். இரண்டு அறை கொண்ட ஓட்டு வீடு. பின்பக்கம் ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு முருங்கை, நாலைந்து கோழிகள். முன்பக்கம் மெயின் ரோடு. மாமா சர்ச்சுக்குக் காவல்காரராக இருந்தார். பெருக்குவது, பாய் விரிப்பது, மணி அடிப்பது, யாராவது இறந்தால் குழி வெட்ட ஆள் கூட்டி வருவது எல்லாம் அவர் வேலை. அவர் நெஞ்சு வலியில் போன பிறகு அந்த வேலைகளை அக்கா செய்தாள். குழி வெட்டுகிற ஆளைக் கூப்பிடுவதை மட்டும் நான் பார்த்துக்கொண்டேன். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை.

மணி அடிப்பது பெண்பிள்ளைக்குச் சுலபமான வேலை இல்லை. கயிறு கனம். மேலே பார்த்தபடி இழுத்து விட வேண்டும், விட்ட கயிறு கையைப் பிடுங்கிக்கொண்டு போகும், மறுபடி எட்டிப் பிடிக்க வேண்டும். கடைசி வருஷங்களில் அவளுடைய வலது தோள் பிடித்துக்கொண்டது. தலை சீவக்கூட அந்தக் கை எழும்பாது. அப்போதும் இடது கையால் இழுத்து அடித்துக்கொண்டுதான் இருந்தாள். மணி கொஞ்சம் தடுமாறி விழும். கேட்கிறவர்களுக்கு அது பழகிவிட்டது.

அந்த வீடு அவளுக்கு என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. மாமாவை அடக்கம் செய்த அன்று அப்போதிருந்த கமிட்டிக்காரர்கள், இருக்கிற வரைக்கும் இரும்மா என்று வாயால் சொன்னார்கள். அதனால் ஒவ்வொரு தேர்தல் வரும்போதும் யார் நிற்கிறார்கள் என்று அக்கா என்னிடம் விசாரித்துக்கொண்டே இருப்பாள். எங்கள் சபையில் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை சேகரக் கமிட்டிக்குத் தேர்தல். சபையின் இடம், கட்டடம், காணிக்கை எல்லாவற்றையும் கமிட்டிதான் பார்க்கும். அதற்கு செக்ரட்டரி யாரோ அவர் நினைத்தது நடக்கும். ஆயர் மாற்றலில் வருவார், போவார். செக்ரட்டரி ஊர்க்காரர்.

போன தேர்தலில் செக்ரட்டரிக்கு இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் பெரிய வாத்தியார். ஹைஸ்கூலில் இருந்து ரிட்டயர்ட் ஆனவர், பல தடவை செக்ரட்டரியாக இருந்தவர். பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார், கூட்டம் நடக்கும்போது தூங்கிவிடுவார். ஆனாலும் அக்காவின் வீட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் விழித்துக்கொள்வார். நான் இருக்கிற வரைக்கும் அந்தம்மாவை யாரும் அசைக்க முடியாது என்று எங்கள் காலனிக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

இன்னொருவர் காண்ட்ராக்டர். ரோடு போடுகிறவர், கட்டடம் கட்டுகிறவர். காம்பவுண்டின் ரோட்டோரம் வரிசையாகக் கடை கட்டி வாடகைக்கு விட வேண்டும் என்பது அவர் திட்டம். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. சர்ச் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. மழைக்காலத்தில் பீடத்துக்குப் பக்கத்தில் பக்கெட் வைத்துவிட்டுத்தான் ஆராதனை நடக்கும். வைக்கிறவளும் அக்காதான். கூரை மாற்றப் பணம் கேட்டால் காலனிக்காரர்களால் கொடுக்க முடியாது, டவுன்காரர்கள் கொடுக்க மாட்டார்கள். கடை வந்தால் வாடகை வரும். ஆனால் கடை வர வேண்டும் என்றால் அக்காவின் வீடு போக வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வெளியே வந்துகொண்டிருந்தபோது காண்ட்ராக்டர் அக்கா வீட்டுப் பக்கம் கையைக் காட்டினார். "பஸ் ஸ்டாண்டுல இருந்து கூப்பிடு தூரம். சென்டு இன்னா வெலை போவுது தெரியுமா? இதுல நாம கோழி வளக்குறோம்" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்கா அப்போது வாசலில் செருப்புகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். அவளும் சிரித்தாள். வேறு என்ன செய்வாள்.

நான் மார்க்கெட்டில் ஒரு மணிலா மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்குகிறேன். ஐந்தாவது வரைதான் படித்தேன், அதுவும் அந்தக் காம்பவுண்டில் முன்பு இருந்த சபைப் பள்ளிக்கூடத்தில்தான். நாலு பேர் கூடினால் எனக்குப் பேச்சு வராது. மண்டியில் என்னை ஊமை என்றுதான் கூப்பிடுவார்கள், பகையாக இல்லை, பழக்கத்தில். சர்ச்சில் கடைசி ஜன்னல் ஓரம் உட்காருவேன். வேதபாடம் வாசிக்க ஆள் தேடுகிற நேரம் தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொள்வேன்.

தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்பு மண்டி முதலாளி என்னைக் கூப்பிட்டார். அவர் நயினார் வீட்டுக்காரர். தலைமுறை தலைமுறையாக இங்கே வியாபாரம் செய்கிற ஜைனக் குடும்பம். யாரிடமும் அதிர்ந்து பேச மாட்டார். உங்க சர்ச்சாண்ட கடை வருதாமே, மொதக் கடைய எனக்குப் பேசியிருக்காங்க, இடம் எப்படி, மழைத்தண்ணி நிக்குமா என்று விசாரித்தார். தண்ணி நிக்காதுங்க என்றேன். அது உண்மை. அந்த இடம் மேடு. அக்கா வீட்டில் எந்த மழையிலும் தண்ணீர் புகுந்ததில்லை.

அன்று சாயங்காலம் அக்காவிடம் போய்ச் சொன்னேன். தேர்தல் முடியவில்லை, அதற்குள் கடையைப் பேசியிருக்கிறார்கள் என்று. அவள் கேட்டுவிட்டு, நம்ம ஆளுங்க எத்தினி பேரு என்று மட்டும் கேட்டாள். நானும் என்னோடு ஒரே வீட்டில் இருக்கிற என் தம்பியும் ஏற்கெனவே எண்ணிப் பார்த்திருந்தோம். எங்கள் காலனிக்காரர்களும், தொண்டூர் பக்கமிருந்து பஸ் ஏறி வருகிற இரண்டு குடும்பங்களும் சேர்ந்தால் டவுன்காரர்களைவிட அதிகம். டவுனிலும் வாத்தியாருக்கு நாலு பேர் கை தூக்குவார்கள். எப்படிக் கூட்டினாலும் வாத்தியார்தான் வருவார். அக்காவுக்கு மட்டும் ஓட்டு இல்லை. சபையில் சம்பளம் வாங்குகிறவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் ஓட்டு கிடையாது, அவர்கள் கமிட்டியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பது வழக்கம். அவளுக்குக் கொடுத்தது சம்பளம் என்று சொல்கிற அளவுக்கு இல்லை. ஆனாலும் வழக்கம் வழக்கம்தான்.

இன்னொரு வழக்கம் இருந்தது. அதை இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதனால்தான் நடந்தது.

எங்களிடம் ஓட்டுச் சீட்டு கிடையாது. பெயர் சொன்னால் கை தூக்க வேண்டும், ஆயர் எண்ணுவார். தேர்தலில் நிற்கிறவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தால் அவர் முகத்துக்காகக் கை தூக்குவார்கள், தூக்காதவர்கள் மேல் அவருக்கு மனஸ்தாபம் வரும். அதனால் முதலில் எல்லாப் பதவிகளுக்கும் பெயர்களைச் சொல்லி எழுதிக்கொள்வார்கள். பிறகு பெயர் எழுதப்பட்டவர்கள் அத்தனை பேரும் வெளியே போய் வேப்பமரத்தடியில் நிற்க வேண்டும். அவர்கள் மட்டும் இல்லை, அவர்கள் வீட்டாரும் போக வேண்டும். வீட்டார் என்றால் ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள். வீட்டுக்காரர்கள் உள்ளே இருந்தால் யார் கை தூக்கினார்கள் என்று போய்ச் சொல்லிவிடுவார்களாம். எல்லாரும் வெளியே போனதும் காவல்காரர் கதவை, ஜன்னலை எல்லாம் சாத்த வேண்டும். எண்ணி முடிந்த பிறகுதான் கதவு திறக்கும்.

இத்தனை வருஷத்தில் இதில் ஒரு வில்லங்கமும் வந்ததில்லை. ஏனென்றால் நிற்கிறவர்கள் எப்போதும் டவுன்காரர்கள்தான். வாத்தியார், பேங்க்காரர், நர்சம்மா. ஒவ்வொருவர் வீட்டிலும் புருஷன் பெண்சாதி இரண்டு பேர்தான் இருப்பார்கள். பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பார்கள். அவர்கள் வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தால் எண்ணிக்கையில் ஒன்றும் குறையாது. காலனியிலிருந்து யார் பெயரையும் யாரும் சொன்னதில்லை. நாங்களும் அதை எதிர்பார்த்ததில்லை. உள்ளே உட்கார்ந்து கை தூக்குவதுதான் எங்கள் வேலை என்று இருந்துவிட்டோம்.

தேர்தல் அன்று திருவிருந்து ஆராதனை நீண்டுவிட்டது. முடிந்ததும் ஓட்டு இல்லாதவர்கள், சின்னப் பிள்ளைகள் எல்லாம் கலைந்து போனார்கள். புதிதாக வந்திருந்த ஆயர் வயசில் சின்னவர். மேசை போட்டு உட்கார்ந்து, ஜெபம் பண்ணிவிட்டு, இந்தச் சபையின் வழக்கம் என்ன என்று கேட்டார். வாத்தியார் எழுந்து நின்று எல்லாவற்றையும் விளக்கினார். நான் செக்ரட்டரியாக இருந்தபோது கொண்டுவந்த முறை ஐயா, இதனால் சபையில் சண்டை வந்ததே இல்லை என்றார். அவருக்கு அதில் பெருமை.

செக்ரட்டரிக்கு அவர் பெயரையும் காண்ட்ராக்டர் பெயரையும் சொன்னார்கள். பிறகு உறுப்பினர்களுக்குப் பெயர் கேட்டார் ஆயர். காண்ட்ராக்டருக்கு நெருக்கமான இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஒருவர் எழுந்தார். அவர் குரல் நல்ல குரல், பாட்டுக்குழுவில் பாடுகிறவர்.

"ஐயா, காலனியில இருந்து இதுவரைக்கும் ஒருத்தரக்கூட நாம கமிட்டியில வெச்சதில்ல. அவங்க பின்னாடி உக்காரணும், நாம முன்னாடி உக்காரணும்னு எந்த வேதத்துல எழுதியிருக்குது? அது நம்ம தப்பு. இந்தத் தபா அவங்க மூணு பேராவது வரணும்" என்றார்.

முதல் பெயராக என் பெயரைச் சொன்னார்.

நான் தூணுக்குப் பின்னால் நகரப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். பெண்கள் பக்கம் என் வீட்டுக்காரி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தாள். அவள் சிரிக்கிறாள் என்று தெரிந்தது. பெரிய மகன் என் முதுகில் தட்டி, எழுந்து நில்லு நைனா என்றான். எழுந்து நின்றேன். இதை யாராவது வழிமொழிய வேண்டும் என்றார் ஆயர். வழிமொழிந்தது வாத்தியார். சந்தோஷமாக எழுந்து, ரொம்ப நல்ல யோசனை, நானே சொல்லியிருக்க வேண்டும் என்றார்.

ஆயர் என்னைப் பார்த்து, "உங்களுக்குச் சம்மதம்தானே பிரதர்? இல்லன்னா இப்பவே சொல்லிடுங்க" என்றார்.

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கமிட்டியில் உட்கார எனக்கு என்ன தெரியும் என்றுதான் சொல்ல நினைத்தேன், வேறு எதுவும் மனசில் இல்லை. அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சத்தம் வரவில்லை. ஆயர் கொஞ்சம் காத்திருந்துவிட்டு என் பெயரை எழுதினார்.

அடுத்து இன்னொரு காலனிக்காரர், எங்கள் தெருக் கோடியில் இருக்கிற கொத்தனார். மூன்றாவது, தொண்டூர் பக்கத்துப் பெரியவர், இரண்டு மகன்களோடும் மருமகள்களோடும் ஒன்றாக இருக்கிறவர். அதன் பிறகு டவுன்காரர்கள் சிலருடைய பெயர்களும் எழுதி முடிந்தன. எல்லாரும் வீட்டாரோடு வெளியே போகலாம் என்றார் ஆயர். நான், என் வீட்டுக்காரி, இரண்டு மகன்கள், மருமகள் எழுந்தோம். தம்பியும் அவன் வீட்டுக்காரியும் உட்கார்ந்திருந்தார்கள். நாங்களுமா என்று தம்பி கேட்டான். அந்த ஏஜென்ட் திரும்பி, ஒரே அடுப்புதானே தம்பி என்று மரியாதையாகச் சொன்னார். ஆமாம், ஒரே அடுப்புதான். அவர்களும் எழுந்தார்கள்.

கதவைச் சாத்தியது அக்கா. அவள் வேலை அது. இடது கையால் ஒரு கதவைத் தள்ளி, உடம்பால் சாய்ந்து இன்னொன்றைச் சாத்தினாள். சாத்துவதற்கு முன் என்னைப் பார்த்து, "சட்டைய உள்ள வுடுடா, பெரிய மனுசா" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை மாமா போன பிறகு நான் பார்த்ததில்லை. ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்துகிற சத்தம் கேட்டது.

வேப்பமரத்தடியில் நிழல் கொஞ்சம்தான். அந்த நேரத்துக்கு ராஜகிரி மலைப் பாறையெல்லாம் சூடேறி அனல் ஊருக்குள் அடிக்கும். எல்லாரும் எனக்குக் கை கொடுத்தார்கள். தம்பி, இனிமேல் எங்க அண்ணனைப் பார்க்க டோக்கன் வாங்கணும் என்றான். கொத்தனார் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து, கமிட்டியில டீ தருவாங்களா மச்சான், இல்ல நாமளே வாங்கித் தரணுமா என்று கேட்டார். சிரித்தோம். காண்ட்ராக்டர் கொஞ்சம் தள்ளி, சுவர் ஓரம் தன் சம்சாரத்தோடு நின்று போன் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் இரண்டு பேர்தான். அவர் மகனுக்கு அடுத்த தெருவில் தனி வீடு கட்டிக் கொடுத்திருந்தார். மகனும் மருமகளும் உள்ளே இருந்தார்கள். அவர் அண்ணன் குடும்பமும் உள்ளே இருந்தது. எல்லாருக்கும் தனித்தனி அடுப்பு.

முதலில் கவனித்தது என் தம்பி வீட்டுக்காரிதான். அவள் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"நம்ம ஆளுங்க பாதிப் பேரு இங்கதான நிக்கிறோம். உள்ள அக்காவுக்காக வாத்தியாருக்கு யாரு கை தூக்குவாங்க?"

நான் மரத்தடியில் இருந்தவர்களைப் பார்த்தேன். எங்கள் வீடு, கொத்தனார் வீடு, தொண்டூர்ப் பெரியவர் வீடு. காலனியிலேயே ஆள் அதிகம் இருக்கிற மூன்று குடும்பங்கள் அவை. தேடித்தான் எடுத்திருக்கிறார்கள். கொத்தனார் மட்டும் இன்னும் புரியாமல் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சம்சாரம் அவர் கையைக் கிள்ளினாள்.

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு கதவை நோக்கி நடந்தார். காண்ட்ராக்டர் போனிலிருந்து தலையைத் தூக்கினார். குரலை உயர்த்தவில்லை.

"எங்க போறீங்க வாத்தியாரே? உள்ள எண்ணிக்கினு இருக்காங்க. நடுவுல தட்டக் கூடாதுன்னு நீங்கதான சட்டம் போட்டீங்க."

வாத்தியார் கதவுக்கு முன்னால் நின்றார். கையைத் தூக்கினார், தட்டவில்லை. தட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். ஆயர் திறக்கச் சொல்லியிருப்பாரா, இல்லையா. அவர் தான் போட்ட முறையைத் தானே மீற முடியாமல் திரும்பி வந்து மரத்து வேரில் உட்கார்ந்தார். அவர் சம்சாரம் முந்தானையால் அவருக்கு விசிறினாள். உள்ளே ஆயர் எண்ணுகிற குரல் கேட்டது. எண்கள் புரியவில்லை, குரல் மட்டும் கேட்டது. ஒரு தடவை எண்ணுவது சீக்கிரம் நின்றுவிட்டது. அது யாருக்கு என்று எங்களுக்குத் தெரிந்தது.

கதவு திறந்தது. தாழ்ப்பாளைப் பிடித்தபடி அக்கா நின்றாள். அவள் என்னைத்தான் பார்த்தாள்.

"உன்ன எடுத்துட்டாங்கடா" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "வாத்தியாரு வரல" என்றாள்.

உள்ளே இருந்த அத்தனை பேரும் எனக்குக் கை தூக்கினார்களாம். கொத்தனாருக்கும் தொண்டூர்ப் பெரியவருக்கும் அப்படித்தான். வாத்தியார் ஒன்பது ஓட்டில் தோற்றிருந்தார். நாங்கள் வெளியே நின்றவர்கள் அதைவிட அதிகம். எங்களைப் பீடத்துக்கு முன்னால் வரிசையாக நிற்க வைத்து ஆயர் ஜெபம் பண்ணினார். காண்ட்ராக்டர் ஒரு கோடியில், நான் ஒரு கோடியில். தலைக்கு மேல் கூரை ஒழுகின கறை பெரிய மலை மாதிரி இருந்தது. ஜெபம் முடிகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் கமிட்டிக் கூட்டம் ஆயர் வீட்டு வராந்தாவில் நடந்தது. டீயும் மசால்வடையும் கொடுத்தார்கள். கடை கட்டுகிற விஷயம் மூன்றாவதாக வந்தது. காண்ட்ராக்டர் படம் எல்லாம் போட்டுக் கொண்டுவந்திருந்தார். படத்தில் அக்கா வீடு இருந்த இடத்தில் இரண்டு சதுரம் இருந்தது, முருங்கை இருந்த இடத்தில் ஒரு சதுரம். எல்லாரும் பார்த்துவிட்டு அடுத்தவர் கையில் கொடுத்தார்கள். என் கைக்கு வந்ததும் நான் கீழே வைத்தேன்.

"அக்கா எங்க போவாங்க?" என்று கேட்டேன். கூட்டத்தில் என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அது. ஆயர்கூட என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"உங்க ஊட்டுக்குதான்" என்றார் காண்ட்ராக்டர். "தம்பி இருக்கச் சொல்ல அக்காவ ரோட்டுலயா வுட்டுடுவ? ஒண்டியா அங்க கெடந்து இன்னா பண்றாங்க? ஒரு நாளு கீழ வுழுந்தா யாரு பாப்பா? நாங்க அவங்க நல்லதுக்கும்தான் சொல்றோம்."

எங்கள் வீடு எப்படி என்று அவருக்குத் தெரியும். ஒரு ஹால், ஒரு அறை, ஏழு பேர். அதைச் சொல்ல வாய் வரவில்லை. கை தூக்கச் சொன்னபோது நானும் தொண்டூர்ப் பெரியவரும் எதிர்த்துக் கை தூக்கினோம். கொத்தனார் டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடை கட்டுகிற வேலையில் அவருக்கு மேஸ்திரி வேலை தருவதாக ஏற்கெனவே பேசியிருந்தார்கள். அவரை நான் குறை சொல்லவில்லை. அவர் வீட்டிலும் ஒரே அடுப்பு, ஆள் அதிகம்.

டவுன்காரர்கள் எல்லாரும் ஆதரித்துக் கை தூக்க, தீர்மானம் எழுதினார்கள். ஈஸ்டர் வரைக்கும் டைம் என்று ஆயர் கேட்டு வாங்கிக் கொடுத்தார். கடைசியில் காண்ட்ராக்டர், காலனி உறுப்பினராக நீயே போய்ப் பக்குவமாச் சொல்லிடு, நாங்க சொன்னா அந்தம்மா மனசு கஷ்டப்படும் என்றார். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

நான் போனபோது அக்கா பாய்களை உதறிக்கொண்டிருந்தாள். நான் எப்படி ஆரம்பிப்பது என்று நின்றேன். அவளே, எந்த மாசம் என்று கேட்டாள். ஈஸ்டர் என்றேன். மறுபடி பாயை உதறினாள். மணி யாரு அடிப்பாங்க என்று கேட்டாள். ரெக்கார்டு பண்ணி ஸ்பீக்கரில் போடப் போகிறார்களாம் என்றேன். அதைக் கேட்டபோதுதான் பாயைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். சாப்டியா என்று கேட்டாள்.

ஈஸ்டர் முடிந்த வாரம் மண்டியிலிருந்து மூன்று சக்கர வண்டி வாங்கி வந்து சாமான்களை ஏற்றினேன். ஒரு நடைதான். கோழிகளை விற்றுவிட்டாள். ஜேசிபி வந்த அன்று நான் மூட்டை தூக்கப் போய்விட்டேன். சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பக்கம் போனபோது ரோட்டிலிருந்து பார்த்தால் சர்ச்சின் பின்சுவர் வரைக்கும் வெட்டவெளியாக இருந்தது. தண்ணீர்த் தொட்டி மட்டும் இருந்தது. சிமெண்டு குழைக்கத் தேவைப்படும் என்று விட்டுவைத்திருந்தார்கள்.

இப்போது கடைகள் வந்துவிட்டன. மண்டி முதலாளி முதல் கடையை எடுத்திருக்கிறார். சர்ச் கூரையை மாற்றிவிட்டார்கள், ஒழுகுவதில்லை. அதைச் சொல்லாமல் விடுவது சரியில்லை. ஞாயிற்றுக்கிழமை ஸ்பீக்கரில் மணி அடிக்கிறது, தடுமாறாத மணி.

அக்கா எங்கள் ஹாலில், டிவிக்குக் கீழே படுக்கிறாள். இருட்டோடு எழுந்துவிடுவாள், அது பழக்கம். பெருக்க இடம் இல்லை. மருமகள் எழுந்திருப்பதற்குள் பாத்திரத்தைத் தேய்த்து வைத்துவிடுவாள், அதற்கே ஒரு பேச்சு வந்தது, பாத்திரச் சத்தத்தில் புதிதாகப் பிறந்த குழந்தை எழுந்துவிடுகிறது என்று. மருமகள் கெட்டவள் இல்லை. இடம்தான் இல்லை. அதன் பிறகு அக்கா எழுந்ததும் வெளியே போய்த் தெருக் குழாய்க் கட்டையில் விடிகிற வரைக்கும் உட்கார்ந்திருப்பாள். முதல் ஆறேழு மாதம் சர்ச்சுக்கு வரவில்லை. ஆயர் வந்து கூப்பிட்டார். அப்புறம் வந்தாள். தான் விரித்த பாயில் இல்லாமல் வேறு யாரோ விரித்த பாயில் உட்கார வேண்டியிருக்கிறது என்று ஒரு நாள் என்னிடம் சொன்னாள்.

வாத்தியார் இப்போது சர்ச்சுக்கு வருகிறார், போகிறார். கூட்டம் எதற்கும் வருவதில்லை. என்னைப் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டுவார்.

கமிட்டியின் கடைசிக் கூட்டம் போன மாதம் நடந்தது. வீட்டாரை வெளியே அனுப்புகிற வழக்கத்தை எடுத்துவிட வேண்டும் என்று நான் சொன்னேன். அதைச் சொல்வதற்காக மண்டியில் மூட்டை தூக்கும்போதெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பழகியிருந்தேன். எல்லாம் தெளிவாகத்தான் வந்தது. காண்ட்ராக்டர் பொறுமையாகக் கேட்டார். "பெரியவங்க கொண்டாந்த வழக்கம்ப்பா. வாத்தியாரு மனசு கஷ்டப்படாதா?" என்றார். எல்லாரும் வடை சாப்பிட்டார்கள்.

அடுத்த தேர்தலுக்கு வாக்காளர் பெயர்களை ஆராதனையில் வாசித்தார்கள். எங்கள் வீட்டுப் பெயர்களோடு அக்காவின் பெயரும் வந்தது. இப்போது அவள் சம்பளம் வாங்குவதில்லை, அதனால் ஓட்டு வந்துவிட்டது. சபையில் அவளுக்கு அதுதான் முதல் ஓட்டு. அன்று ராத்திரி சாப்பிட்டு முடித்த பிறகு, என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"இந்தத் தபா உன் பேரைச் சொன்னா வேணாம்னு சொல்லிடு. நீ வெளிய போனா நானும் வெளிய போவணும்."

சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"உனக்கு எங்க வாய் வரும்? நான் எழுந்து சொல்றேன்."

அவள் தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தாள். அது மார்பு வரைக்கும்தான் வந்தது. அதற்கு மேல் தோள் விடவில்லை. இடது கையால் அதை முழங்கையில் பிடித்துத் தூக்கினாள், வலியில் கண்ணை மூடிக்கொண்டு கீழே விட்டாள். பிறகு இடது கையைத் தூக்கி அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

"இதைத் தூக்கினா எண்ணுவாங்களாடா?" என்று கேட்டாள்.

எண்ணுவாங்க என்றேன். இனி அவள் உள்ளே கை தூக்கினாலும் அந்த வீடு திரும்பி வராது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அவள் கையை இறக்கவில்லை. மருமகள் குழந்தையைத் தூங்க வைக்க விளக்கை அணைத்தாள்.